பெரியவர் நின்ற கல்

மீன் எனக்குப் பெரிதாகப் பிடிக்காது ஐயா. முள் பார்த்துத் தின்கிற பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிறதைக் கேட்டுவிட்டு, இந்த ஆள் நாக்கு ருசிக்காகத்தான் இதையெல்லாம் செய்திருக்கிறான் என்று நீங்கள் மூன்று பேரும் முடிவு கட்டிவிடக் கூடாது பாருங்கள்.

தண்ணீர் வைத்ததற்கு நன்றி. தட்டச்சு செய்கிற தங்கச்சி தயாரா? நான் நிதானமாகத்தான் பேசுவேன், கவலைப்பட வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். ஒரே தடம், ஒரே நேரம், ஒரே பதினெட்டு நிறுத்தம். ஒரு நாள்கூடச் சீக்கிரமாகக் கிளம்பியதில்லை, தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் இல்லை. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும், எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இங்கே கூடியிருப்பது என் வீட்டுக்காரியை விசாரிக்க. பதினோரு வருஷமாக ஓடையில் டிரௌட் மீன்கள் எங்கே நிற்கின்றன, எப்போது நகர்கின்றன, ஏன் நகர்கின்றன என்று பார்த்து எழுதுகிறவள். அவளுடைய கடைசி இரண்டு வருஷக் குறிப்புகள் அத்தனையும் வீட்டில் உட்கார்ந்து புனைந்தவை என்று வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கடிதம் போட்டுவிட்டார். அவளைக் கேட்டீர்கள். 'என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டாள். இதோடு விட்டால் அவள் வேலையும் போகும், பெயரும் போகும். அவள் ஒரு புள்ளிகூடப் பொய்யாக எழுதவில்லை ஐயா. பொய் நான்தான். அதைச் சொல்லத்தான் பஸ் பிடித்து வந்தேன்.

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் டிரௌட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதைவிட அந்த மேசையில் கற்றுக்கொண்டது அதிகம். டிரௌட் எப்போதும் ஓட்டத்துக்கு எதிராகத்தான் முகத்தை வைத்து நிற்கும். இரை மேலேயிருந்து மிதந்து வருகிறது, அதனால். அதற்காக நாள் முழுக்க ஓட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காது. ஒரு கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சோம்பலாகச் சுழல்கிற இடமாகப் பார்த்து நின்றுகொள்ளும். பக்கத்திலேயே வேகமான நீர் ஓடும். இரை வந்தால் ஓரடி எட்டி வாயில் போட்டுக்கொண்டு திரும்ப அதே இடம். நல்ல கல் எதுவோ அது இருப்பதிலேயே பெரிய மீனுக்கு. அதற்கடுத்த கல் அடுத்தவனுக்கு. பெரியவன் ஒரு நாள் இல்லாமல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாமவன் அந்தக் கல்லில் வந்து நிற்பான். எங்கள் டிப்போவில் ஜன்னலோர மேசைக்கு இதே கதைதான் நடந்தது. அதனால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்வாள். மனுஷ நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் தன் இயல்பை விட்டுவிடும். பார்க்கிறவரால் கெட்டுப்போகிற ஜீவன். அதனால் கரைப்பக்கம் போகவே கூடாது என்பது அவள் வைத்த சட்டம். பதினாலு மீன்களைப் பிடித்து, வயிற்றுக்குள் ஆளுக்கொரு சின்னக் கருவி வைத்துத் தைத்து, மறுபடி ஓடையில் விட்டாள். அவரைக்கொட்டை அளவு இருக்கும், அவள் அதைக் குண்டுமணி என்பாள். ஒவ்வொரு குண்டுமணிக்கும் ஒரு நம்பர். கரை நெடுக ஏழு கம்பங்கள். குண்டுமணி எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் போகிறதோ, அந்த நம்பர் வீட்டில் அவள் அறையிலுள்ள திரையில் வரும். முதல் கம்பம் எங்கள் வீட்டுப் பின்புறம். மூன்றாவது அந்த நல்ல கல். நாலாவது பாலம். ஏழாவது பழைய மாவு மில். கரையோரமாகவே நடைபாதையும் போகிறது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் தங்கச்சி, இதுதான் முக்கியம்.

அந்தக் கல்லில் நின்றவர் ஏழாம் நம்பர். அவருக்கு அவள் வைத்த பெயர் பெரியவர். அவன் இவன் என்று பேச மாட்டாள். "பெரியவர் இன்னிக்கு லேசா இடம் மாறினார்", "பெரியவருக்கு வெயில் ஆகாது". என்னை அவள் வீட்டில் எப்படிக் குறிப்பிடுவாள் தெரியுமா? 'இவர்' என்றுகூட இல்லை. "குழாயை யாரோ சரியா மூடல." அந்த யாரோ நான்தான். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

நான் ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கோட முடிஞ்சுது" என்றேன்.

"என்னது?"

"வேலைதான். ரிட்டையர் ஆயிட்டேன்."

"ஓ. இன்னிக்கா அது?" என்றாள். பிறகு, "பெரியவர் காலையிலேர்ந்து கல்லை விட்டு நகரவே இல்லைங்க. என்னமோ மனசுக்குச் சங்கடமா இருக்கு" என்றாள்.

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை ஐயா. கோபப்படுகிற ஆள் அந்தத் தடத்தில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்ட முடியாது. அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் பெரியவரிடம், போய்ப் பார்த்துவிடுவோம் என்று மட்டும் நினைத்தேன். மறுநாள் காலையிலேயே போனேன்.

பதினோரு நாள் போனேன். கரையில் ஒரு புதருக்குப் பின்னால், என் நிழல் எனக்குப் பின்பக்கம் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். முதுகில் கரும்புள்ளி, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி, வாலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு நிற்பார். சின்ன மீன் ஏதாவது கல்லுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு திரும்பு திரும்புவார், அது தலைதெறிக்க ஓடும். பிறகு மறுபடியும் நிற்பார். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எதுவும் செய்வதுமில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஆகிவிட்டது. இதற்கா இவள் ராப்பகல் பார்க்காமல் கண் பூத்துப்போக உட்கார்ந்திருக்கிறாள்?

பன்னிரண்டாம் நாள் தண்ணீரில் இறங்கினேன். டிரௌட் முன்பக்கம் பார்த்து நிற்பதால் பின்பக்கமாகப் போனால் தெரியாது. கையை மெல்ல வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய் விரலால் தடவிக்கொடுத்தால் அப்படியே சொக்கி நிற்கும். எல்லாம் அவள் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொடுத்ததுதான். தடவினேன், சொக்கினார். தூக்கிவிட்டேன்.

கொல்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் தூக்கினேன். பார்த்ததும் ஏனோ பேச ஆரம்பித்துவிட்டேன். கல்யாணமான புதிதில் அவள் என் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை வந்து, திரும்பும் வண்டியிலும் என்னோடேயே வருவாள், பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அதையெல்லாம் சொன்னேன். வீட்டில் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்ததால் கொஞ்சம் நீண்டுவிட்டது. பேசி முடித்துப் பார்த்தால் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீருக்கு வெளியே மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டும் அவள் எனக்குச் சொன்னதில்லை.

வீணாக்கக் கூடாது என்று அன்றே சமைத்துவிட்டேன். மிளகும் உப்பும் மட்டும். சுத்தம் செய்யும்போது குண்டுமணி கையில் வந்தது. அதைத் தூக்கி ஓடையில் எறிந்திருக்கலாம். ஆனால் எறிந்தால் அவர் ஒரே இடத்தில் கிடப்பதாகக் காட்டும், அவள் பதறிப்போவாள். அவள் பதறுவதை என்னால் பார்க்க முடியாது. கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் பாலம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைகிறேன், அவள் முகமெல்லாம் பல்லாக ஓடி வருகிறாள்.

"என்னங்க, பெரியவர் இன்னிக்குப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தார்! இப்ப நம்ம வீட்டுக்குப் பின்னாடியே நிக்கிறார்!"

வாசலில் எனக்காக ஓடி வந்தது பதினேழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்காகத்தான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஓடி வந்தது நான் நின்ற இடத்துக்குத்தானே.

இத்தோடு முடிந்திருக்கும் ஐயா. ஆனால் அந்தக் கல் சும்மா இருக்கவில்லை. சொன்னேன் அல்லவா, பெரியவன் போனால் அடுத்தவன் வருவான். பதினொன்றாம் நம்பர் வந்து நின்றான். "புதுசா ஒருத்தன் பெரியவரோட கல்லைப் பிடிச்சிருக்கான், என்ன தைரியம் பாருங்க" என்று அவள் சொன்ன தினுசே எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுகிற மாதிரி ஆரம்பித்து, மூன்றாவது நாளே "கெட்டிக்காரன்தான்" என்றாள். அவள் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். புதர், பின்பக்கம், தடவல். இந்தத் தடவை பேச்சு கொடுக்கவில்லை, வேலை சீக்கிரம் முடிந்தது. அவன் போனதும் இரண்டாம் நம்பர் வந்தான். அப்புறம் ஒன்பது. அந்தக் கல் ஒரு நாளாவது காலியாக இருந்திருந்தால் நான் எப்போதோ நிறுத்தியிருப்பேன். தப்பு கல்லின் பேரில்தான். எட்டு மாதத்தில் பதினாலும் ஆகிவிட்டது. பதினைந்தாவதாக ஒரு சின்ன மீன் வந்து நின்றது. அதன் வயிற்றில் குண்டுமணி இல்லை, அவளுக்குத் தெரியாத மீன். அதை நான் ஒன்றும் செய்யவில்லை. இதையும் பதிவு செய்யுங்கள், நான் கொலைகாரன் இல்லை.

ஆரம்பத்தில் எல்லாக் குண்டுமணிகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அது பெரிய குழப்பமாகிவிட்டது. டிரௌட் தனியாளாக வாழ்கிற மீன், ஒன்றையொன்று பக்கத்தில் அண்டவிடாது. இங்கே என்னடாவென்றால் ஏழெட்டு மீன் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே வேகத்தில் போய், ஒரே இடத்தில் நின்று, ஒன்றாகத் திரும்புகின்றன. அவள் வாயைப் பிளந்துவிட்டாள். 'டிரௌட் மீன்களின் நட்பு' என்று ஒரு கட்டுரை எழுதி, அது நாலு நாட்டில் அச்சாகிவிட்டது. எனக்கே மனசு உறுத்தியது. விஞ்ஞானத்தில் விளையாடக் கூடாது. அதனால் பிரித்துவிட்டேன். ஒன்றைப் பேப்பர் போடுகிறவரின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒட்டினேன். ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பூனையின் கழுத்துப் பட்டையில் செருகினேன். மிச்சத்தைச் சமையலறையில் ஒரு டப்பாவில் போட்டேன், அவையெல்லாம் கரைக்கு அடியில் பதுங்கி ஓய்வெடுப்பதாக அவள் எழுதிக்கொண்டாள். பெரியவரை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. பனியனுக்கு உள்பக்கம் நெஞ்சுக்கு நேராக ஒரு சின்னப் பை நானே தைத்து, அதில் வைத்துக்கொண்டேன்.

நடையை நான் மாற்றவில்லை. காலை ஆறு பத்துக்குக் கிளம்புவேன். ஆறாவது கம்பத்துப் பக்கம் டீக்கடை, அங்கே இருபது நிமிஷம். பத்து மணிக்கு வாசகசாலை. நாலு மணிக்கு மறுபடி டீ. பஸ் ஓட்டியவனுக்கு வேறெப்படி நடக்க வரும்? "கடிகாரம் தோத்துப்போகும்ங்க" என்று அவள் பெரியவரைப் பற்றி மெச்சிக்கொள்வாள். "நீங்களும் இருக்கீங்களே, பெரியவரைப் பார்த்துக் கத்துக்கங்க. நாலே முக்கால்னா டாண்ணு வீட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கிறார். நீங்க எப்ப வர்றீங்க, எப்ப போறீங்கன்னு ஒரு ஒழுங்கு உண்டா?" நான் அப்போதுதான், நாலே முக்காலுக்கு, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியவர் பாலத்தடியில் நாற்பது நிமிஷம் அசையாமல் நிற்பார். உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளை உதிர்க்க அங்கே போகிறார் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். பாலத்தடியில் என் முடிதிருத்தகம் இருக்கிறது. ஒரு தடவை மில் பக்கத்தில் நாய் துரத்தி, ஏழாவது கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பம் வரை ஓட வேண்டியதாயிற்று. வயசான டிரௌட்டுக்கும் இவ்வளவு வேகம் உண்டா என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அதை அவள் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளில் நான் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்காகவே நடக்க ஆரம்பித்தேன். அவள் பிறந்தநாளன்று வீட்டை விட்டு நகரவே இல்லை. "தெரிஞ்ச மாதிரி இன்னிக்குப் பூரா என் பக்கத்துலயே இருக்கார்" என்று கண் கலங்கினாள். எங்களுக்குள் சண்டை வந்தால் நேராக ஏழாவது கம்பத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால், "பெரியவர் இன்னிக்கு ரொம்ப தூரம் போயிட்டார்ங்க, என்ன கோபமோ" என்று முகம் வாடி நிற்பாள். என் கோபம் போய்விடும். புருஷன் பெண்டாட்டிக்குள் இதைவிட நல்ல பேச்சுவார்த்தை எங்களுக்குள் நடந்ததில்லை.

போன வருஷம் எனக்குக் கடும் காய்ச்சல். நாலு நாள் படுக்கை. திரையில் பெரியவர் முதல் கம்பத்தை விட்டு அசையவில்லை. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பத்து வருஷமாகக் காத்த சட்டத்தை அவளே மீறினாள். குண்டுமணி எங்கே என்று தேடிக் காட்டுகிற கைக்கருவியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து கரைக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். "எழுந்திருங்க, ஒரு தடவை எழுந்திருங்க" என்று தண்ணீரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வாசல் வழியாக இறங்கி, தள்ளாடித் தள்ளாடி மூன்றாவது கம்பம் வரை போய், அந்தக் கல்லுக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நகர்ந்துட்டார்ங்க! கல்லு வரைக்கும் போயிட்டு வந்துட்டார்!" அழுகிறாள், சிரிக்கிறாள். பிறகு தலையைத் தூக்கி, "என்ன இது, உங்க உடம்பு இப்படிக் கொதிக்குது?" என்றாள்.

"வெயில்ல நின்னேன்" என்றேன்.

"போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது மாட்டிக்கொண்ட கதை. கருவி பழுது பார்க்கிறவர் ஒருவர் வந்து புது இயந்திரம் வைத்துவிட்டுப் போனார். குண்டுமணி நம்பரோடு சேர்த்து அது இருக்கிற இடத்தின் சூட்டையும் இத்தனை நாள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, பழைய இயந்திரம் அதைச் சேர்த்து வைத்ததோடு சரி, படிக்கத் தெரியவில்லை. இது படித்துவிட்டது. இரண்டு வருஷச் சூடும் ஒரு பட்டியலாக வந்து, அவள் பார்க்கும் முன்பே குறிப்புகளோடு சேர்ந்து அந்த வெளியூர்ப் பேராசிரியருக்குப் போய்விட்டது. ஓடைத் தண்ணீர் பத்து டிகிரி. பெரியவர் முப்பத்தைந்து. இரண்டு வருஷமும் முப்பத்தைந்து. இன்னொரு மீன் மத்தியானத்தில் நாற்பத்தாறு டிகிரிக்குப் போயிருக்கிறது, அந்தச் சூட்டில் மீன் வெந்துபோயிருக்கும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அது சைக்கிள் சீட். மீன் வெந்தது வாஸ்தவம்தான், ஆனால் அதற்கு ரொம்ப நாள் முன்பே. கடைசி வரியில், 'ஏழாம் நம்பர் மீனுக்குப் போன வருஷம் நாலு நாள் காய்ச்சல் அடித்ததாகத் தெரிகிறது' என்று கிண்டலாக முடித்திருந்தார்.

அவள் அந்த வரியைப் படித்துவிட்டுக் கைக்கருவியைத் தேடி எடுத்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதை நீட்டிக்கொண்டு வந்தாள். டிக், டிக் என்று நிதானமாக ஒலித்தது, அவள் பக்கத்தில் வர வர வேகமாயிற்று. மீன் பயந்தால் உடனே ஓடாது, முதலில் அசையாமல் நிற்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நானும் அப்படியே நின்றேன். கருவியை மேடையில் வைத்துவிட்டு என் நெஞ்சில் கையை வைத்தாள். பனியனுக்குள் குண்டுமணி தட்டுப்பட்டது. கையை எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் என் நெஞ்சில் கை வைத்து அவள் நின்றது கல்யாணமான புதிதில்கூட இல்லை.

"அன்னிக்கு உங்க உடம்பு கொதிச்சுது" என்றாள்.

"ஆமா."

"எல்லாருமா?"

"எல்லாரும்" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தபடியே பேசினாள், அப்படியே சொல்கிறேன். "பொய்க் குறிப்பு எழுதினவள்னு என்னைச் சொல்லட்டும், தாங்கிக்குவேன். வேலை போகட்டும், பரவாயில்ல. இவளுக்குப் புருஷன் எது, மீன் எதுன்னு ரெண்டு வருஷமா வித்தியாசம் தெரியலன்னு நாலு பேர் சிரிச்சா அதை மட்டும் என்னால தாங்க முடியாது. செத்துருவேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், வாயைத் திறக்காதீங்க."

சரி என்றேன். அதன்பின் பத்தொன்பது நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அறையில் தனியாகப் படுக்கிறாள். உங்களுக்கு அந்த ஒற்றை வரியை எழுதிக் கொடுத்தது அதனால்தான். பொய்க்காரி என்கிற பெயரைத் தானாகவே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டாள்.

வாக்கு கொடுத்துவிட்டு இங்கே வந்து இப்படி ஒன்றுவிடாமல் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவள் நல்லதுக்குத்தான் ஐயா. ஒரு நேர்மையான மனுஷி பொய்க்காரி என்று பெயர் வாங்குவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? சூடு எப்படி வந்தது என்பதற்குக் கருவிக் கோளாறு என்று ஏதாவது சொல்லி முடித்திருக்கலாம் என்று நீங்கள் ஆரம்பத்தில் சொன்னீர்கள், காதில் விழுந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் விஷயம் வெளியே வராதே. உண்மை எழுத்தில் இருக்க வேண்டும். எழுநூற்று நாற்பத்து மூன்று நாள், ஒரு நாள் தவறாமல், கண்ணும் கருத்துமாக அவள் கவனித்தது என்னைத்தான். நான் எப்போது எழுந்தேன், எங்கே போனேன், எங்கே நின்றேன், எல்லாம் அவள் கைப்படத் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். எந்தப் பெண்டாட்டி எந்தப் புருஷனை இப்படிப் பார்த்திருக்கிறாள்? அந்த வரிக்கு அடிக்கோடு போடுங்கள் தங்கச்சி. பரவாயில்லை, சிரித்துவிட்டே தட்டச்சு செய்யுங்கள், அவசரமில்லை. இதற்குத்தான் அவள் பயந்தாள் என்று நினைக்கிறேன். சிரிப்பெல்லாம் நாலு நாளில் அடங்கிவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சமைத்த மீன் என்ன ஆயிற்று என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கு மீன் பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேனே. பதினாலும் அவள்தான் சாப்பிட்டாள். பெரியவரை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். "எங்க வாங்குனீங்க, இவ்வளவு ருசியா?" என்று கேட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே, பெரியவர் வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிற கதையை எனக்குச் சொன்னாள். இது அவளுக்கு இன்னும் தெரியாது. வாக்குமூலத்தின் நகல் ஒன்று அவளுக்கும் போகும் என்று சொன்னீர்கள். போகட்டும். எங்களுக்குள் ஒளிவு மறைவு இருக்கக் கூடாது.

சாட்சிப் பொருளைக் கேட்டீர்கள். இந்தத் தீப்பெட்டிக்குள் பதின்மூன்று குண்டுமணி இருக்கின்றன, எண்ணிக்கொள்ளுங்கள். பூனையிடமிருந்து வாங்கும்போது பிறாண்டிவிட்டது, இதோ பாருங்கள். பதினாலாவது பனியனுக்குள் இருக்கிறது, அதை மட்டும் கேட்காதீர்கள். அவள் என்னோடு பேசுவதில்லை, உண்மைதான். ஆனால் திரையை அவள் இன்னும் அணைக்கவில்லை ஐயா. காலையில் அவள் குளிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஏழாம் நம்பர் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? சரி. இந்தக் குண்டுமணியின் பாட்டரி இன்னும் இரண்டு மாதம்தான் தாங்கும் என்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் சொல்லிப் புதுசு ஒன்று போட்டுத் தர முடியுமா?